எட்டாவது வண்டி

திருமூர்த்தி வண்டிக்குள் ஏறி, பெல்ட் வார்களை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்துப் பூட்டிக்கொண்டு பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. அல்லது பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருக்கும் என்று அவன் நினைத்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் இருந்ததில்லை. புரட்டாசி வெயில் முன்கண்ணாடி வழியாக இறங்கித் தொடைமேல் உட்கார்ந்திருந்தது, எழுந்துபோகிற உத்தேசம் இல்லாத விருந்தாளியாக. தலைக்கவசத்துக்குள் அவன் மூச்சுச் சத்தம் அவனுக்கே பெரிதாகக் கேட்டது. முன்னால் ஏழு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளைக் கட்டங்களுக்குள் நின்றன. அவனுடையது எட்டாவது கட்டம், கடைசி. இனி ஐந்து நிமிஷப் பலகையைத் தூக்கிக் காட்டுவார்கள், அப்புறம் மூன்று, அப்புறம் ஒன்று. அதற்கப்புறம் எல்லோரும் மெதுவாக ஒரு சுற்றுப் போய் டயரைச் சூடேற்றிக்கொண்டு வந்து இதே கட்டங்களில் நிற்பார்கள், சிவப்பு விளக்கு அணைந்ததும் பந்தயம். இருபத்திரண்டு வருஷமாக இதே வரிசைதான், இதில் மறப்பதற்கு ஒன்றுமில்லை, மறக்க முடியாததை வைத்துத்தான் அவன் இந்த நேரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். மெக்கானிக் லாரன்ஸ் ஜன்னல் வலைக்கு வெளியே குனிந்து, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தான். "டயர்ல காத்து எவ்வளவு வெச்சிருக்கே லாரன்ஸ்?" "இருபத்தெட்டுங்ணா." இருபத்தெட்டு. சரியான அளவு. சூடேறினால் முப்பத்திரண்டுக்குப் போகும். பார், இதெல்லாம் தெரிகிறது. தெரியாதவனாக இருந்தால் இது தெரியுமா. குடை, வாத்து, சுண்ணாம்பு. குடை, வாத்து, சுண்ணாம்பு, அப்புறம் என்ன?

வெள்ளிக்கிழமை பயிற்சி ஓட்டத்தில், மில் வளைவில், வண்டி பக்கவாட்டில் வழுக்கிப் போய் டயர்ச் சுவரில் இடித்தது. வண்டிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு கதவும் ஒரு கண்ணாடியும் போயின. பிரேக்கை மிதித்தது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் லாரன்ஸின் முகம். நடுவில் இருந்ததை யாரோ கத்தரியால் பிசிறில்லாமல் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மருத்துவ அறையில் டாக்டர் செண்பகம் என்ன நடந்தது என்று கேட்டபோது, ஆம்புலன்ஸில் வரும் வழியில் லாரன்ஸ் சொன்னதையே தான் பார்த்தது போல ஒப்பித்தான். அப்புறம் அந்த ஐந்து வார்த்தைகள். ஜூன் மாதம் சீசன் தொடங்கும் முன்னால் ஓட்டுகிறவர்களை ஒவ்வொருவராக மாடி அறைக்குக் கூப்பிட்டு டாக்டர் சம்பந்தமே இல்லாத ஐந்து வார்த்தைகளைச் சொல்வார். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வார், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார், பத்து நிமிஷம் கழித்து அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்பார். எத்தனை வந்தது என்று கோப்பில் எழுதிவைப்பார். சீசன் நடுவில் எவனாவது தலையை இடித்துக்கொண்டால் வேறு ஐந்து வார்த்தைகள் சொல்லி மறுபடி அதே சோதனை. ஜூன் மாதம் சொன்ன அளவுக்குச் சொன்னால் வண்டி ஏறலாம், குறைந்தால் மூன்று வாரம் வீட்டில் கிடக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், யாரும் குறை சொல்ல முடியாது. அதை ஏமாற்றும் வழியைக் கண்டுபிடிக்க ஒரு போண்டா தின்கிற நேரம்தான் ஆயிற்று. கண்டுபிடித்தவன் திருமூர்த்தி. கேண்டீனில் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தபோது விரலில் ஒட்டியிருந்த சட்னியை நக்கிக்கொண்டே சொன்னான்: "இன்னிக்கு அஞ்சும் சொன்னீங்கன்னா நாளைக்கு அடிபட்டாலும் அஞ்சும் சொல்லியாகணும். மூணோட நிறுத்திக்குங்க. அப்பறம் எப்ப இடிச்சாலும் மூணு போதும். ஒரு நாளைக்கு மந்தமா இருந்துக்கறதுல ஒண்ணும் கௌரவம் கொறஞ்சு போயிராது." எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் மூன்று சொன்னார்கள். பல் டாக்டர் இளங்குமரன் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு சொல்லிவிட்டு வந்தார், அதற்கு இன்னும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை அவன் மூன்று சொல்ல நினைக்கவில்லை. டாக்டர் கேட்டதும் ஏனோ ஐந்தையும் சொல்லிப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது, தனக்காக, உள்ளுக்குள் ஒரு சரிபார்ப்பு. குடை வந்தது, வாத்து வந்தது, கொஞ்ச நேரம் கழித்துச் சுண்ணாம்பு வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. டாக்டர் கோப்பைப் புரட்டி ஜூன் மாதப் பக்கத்தைப் பார்த்தார். "அதே மூணுதான். மாற்றமில்லை. ஓட்டலாம்," என்று கையெழுத்துப் போட்டார். அவன் நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

ஐந்து நிமிஷப் பலகை தூக்கினார்கள். நன்றி வேறு சொன்னான் பாருங்கள். தன்னை அளந்து பார்க்க உலகத்தில் இருந்த ஒரே அளவுகோலைத் தானே வளைத்து வைத்துவிட்டு, அதனால் அளந்து நீ சரியாக இருக்கிறாய் என்று சொன்னவருக்கு நன்றி. ஒருவேளை நிஜமாகவே அவன் மூன்று சொல்கிற ஆளாகவே இருக்கலாம். ஜூன் மாதம் உண்மையிலேயே ஐந்தும் தெரிந்துதான் மூன்று சொன்னானா? தெரிந்துதான். தெரியும் என்று இப்போது நினைக்கிறான், ஆனால் நினைக்கிற இந்தத் தலைதானே சந்தேகத்தில் இருக்கிறது, இதையே சாட்சிக்குக் கூப்பிட்டால் எப்படி. நாற்பத்து நாலு வயதில் மனுஷனுக்கு மறதி வராதா. மனைவி ரேணுகா கடைக்குப் போய் வாங்க நினைத்ததை விட்டுவிட்டு வருகிறாள், அவள் தலையை எந்தச் சுவரிலும் இடித்துக்கொள்ளவில்லை. தலை வலிக்கிறதா என்றால் வலிக்கவில்லை, வலி என்று சொல்ல முடியாது, இடது காதுக்கு மேலே உள்ளே ஏதோ ஒரு தளும்பல், குடத்தைத் தூக்கிவைத்த பிறகும் தண்ணீர் ஆடிக்கொண்டிருக்குமே அந்த மாதிரி. இறங்கிவிடலாம். ஒரு வார்த்தை லாரன்ஸிடம் சொன்னால் போதும். ஆனால் இறங்குகிற பாத்தியதை அவனுக்கு இருந்ததே இல்லை, அதுதான் விஷயம். விதிப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு: எட்டு வண்டிகள் கிளம்பினால்தான் பந்தயத்துக்கு முழுப் புள்ளிகள், ஏழு என்றால் பாதி. பம்ப்செட் கம்பெனி தேவசேனாபதி அண்ணன் தன் அணியில் இரண்டாவது வண்டி ஒன்றை வைத்திருப்பது அதற்காகத்தான். முதல் வண்டியில் ஆதவன், இருபத்தாறு வயது, ஓட்டத் தெரிந்தவன், பட்டத்துக்கு இன்னும் மூன்றே புள்ளி. இரண்டாவது வண்டியில் திருமூர்த்தி, எண்ணிக்கைக்கு. அவன் இருபத்திரண்டு வருஷமும் அப்படித்தான் ஓடியது. பதினோரு முதலாளிகள், யார் வண்டி காலியாக இருக்கிறதோ அதில் ஏறுவான், யாருக்குக் காய்ச்சலோ அவர்கள் பெயர் ஒட்டிய கதவைத் திறந்து உட்காருவான், வண்டியை உடைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பான். மூர்த்தி உடைக்க மாட்டான் என்பதுதான் அவன் பெற்ற பெரிய பட்டம். ஒரே ஒருமுறை ஜெயித்தான், நல்ல மழை, முன்னால் போனவர்கள் எல்லாம் சேற்றில் இறங்கிவிட்டார்கள். மாலையெல்லாம் போட்ட பிறகு வண்டியை எடை மேடையில் ஏற்றினார்கள், ஒன்றரைக் கிலோ குறைந்தது, ஜெயித்தது செல்லாது என்றார்கள். நாற்பது நிமிஷம் ஜெயித்தவனாக இருந்தான். அந்த நாற்பது நிமிஷம் மட்டும் ஒரு மணித்துளி விடாமல் ஞாபகம் இருக்கிறது, மாலையில் செவ்வந்தியோடு கொஞ்சம் மருக்கொழுந்து இருந்தது. "லாரன்ஸ், காத்து எவ்வளவு வெச்சே?" லாரன்ஸ் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தான். "இருபத்தெட்டுங்ணா." நல்லது. இருபத்தெட்டு சரியான அளவு.

தேவசேனாபதி அண்ணன் வெள்ளைச் சட்டையில், கையில் இளநீரோடு, கட்டங்களுக்கு நடுவே நடந்து வந்து வலைக்கு வெளியே நின்றார். "என்ன மூர்த்தி, ஒடம்பு செரியாயிருச்சா?" "ஆச்சுங்ணா." "நீ ஒண்ணும் முட்டி மோத வேண்டாம். கெளம்பீட்டாப் போதும். ஆதவனுக்கு இன்னிக்கு முழுசா வேணும்." "செரிங்ணா." மனுஷர் கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் தலையை ஒரு படம் எடுத்துவிடலாமா என்றுகூடக் கேட்டார், வேண்டாம் என்று சொன்னவன் திருமூர்த்திதான். ஏன் வேண்டாம் என்றான்? படத்தில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் நிம்மதிதானே. வராவிட்டால்? வராவிட்டால் என்ன என்பதை அவன் இரண்டு நாளாக அந்த இடம் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தான். ரேணுகா அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பதுதான் தொந்தரவு. இன்றைக்குக் காலையில் காபியைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றாள். "சக்கரை போதுங்களா?" என்றாள். அவன் குடித்துப் பார்த்துப் போதும் என்றான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். இப்போதுதான் தோன்றுகிறது, அதில் சர்க்கரையே போடாமல் கொடுத்தாளோ. அப்படிச் செய்கிறவளா? செய்வாள். பள்ளிக்கூட வாத்தியார் இல்லையா, கேள்வித்தாள் இல்லாமலே பரீட்சை வைப்பாள். வெறும் பயம். பந்தயத்துக்கு முன்னால் எல்லோருக்கும் வருகிற பயம், ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு உருவத்தில் வரும், இளங்குமரன் கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். அவர் வண்டி நேர் முன்னால், ஏழாவது கட்டத்தில், பின்கண்ணாடியில் அவருடைய இரண்டு பெண்களின் பெயர்களை மஞ்சளில் எழுதியிருந்தார். அந்தப் பெண்கள் வேலியை ஒட்டித் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார்கள், அப்பா ஏழாவதாக வந்தாலும் குதிப்பார்கள். விளக்கு அணைந்ததும் எட்டு வண்டிகளும் ஒரே வளைவுக்குப் போட்டி போட்டுக்கொண்டு போகும், முன்னால் போகிறவர் பிரேக் மிதித்தால் பின்னால் வருகிறவன் இமைக்கிற நேரத்துக்குள் மிதிக்க வேண்டும். அந்த இமைக்கிற நேரத்தைக் கத்தரி வெட்டிக்கொண்டு போய்விட்டால்? மஞ்சள் எழுத்து அவன் கண்ணாடிக்குள் வந்துவிடும். ஒரே ஒரு சுற்று. முதல் சுற்றை முடித்துவிட்டு உள்ளே வந்துவிடலாம். கிளம்பினதாகிவிடும், எட்டாகிவிடும், ஆதவனுக்கு முழுசாகக் கிடைத்துவிடும். ஒரு சுற்றில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தான், நினைத்த உடனே, ஆவதெல்லாம் முதல் சுற்றில்தான் ஆகிறது என்பது இருபத்திரண்டு வருஷமாகத் தனக்குத் தெரியும் என்பதும் ஞாபகம் வந்தது. அது மட்டும் மறக்கவில்லை.

ஒரு நிமிஷப் பலகை. லாரன்ஸ் ஓடிவிட்டான். எஞ்சின்கள் பிடித்தன, பச்சைக் கொடி அசைந்தது, வரிசை நகர்ந்தது. கையும் காலும் வேலை செய்தன, அப்பாடா, கிளச்சும் கியரும் எப்போதும்போல வந்து கைக்குள் விழுந்தன. வண்டியை இப்படியும் அப்படியும் நெளித்து டயரைத் தேய்த்தான். இடப்பக்கம் பார்வையாளர் மேடை, அப்புறம் மாட்டுத்தீவனக் கிடங்கின் தகரக் கூரை, அப்புறம் கிணற்று வளைவு. பழைய கிணறு ஒன்றைக் கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள், அதனால் அந்தப் பெயர். கிணற்று வளைவு தாண்டினால். தாண்டினால் என்ன. வலதா? இது என்ன, நாலாயிரம் தடவை சுற்றிய இடம், கிணற்று வளைவு தாண்டினால் வருவது. தெரியும். வாயில் இருக்கிறது. முன்னால் இளங்குமரனின் வண்டி வலது பக்கம் திரும்பியது, அவன் கையும் திருப்பியது, ரோடு அவன் முன்னால் விரிந்த பிறகு, ஆமாம், நேர் ரோடு, மூன்றாம் கியர், புளியமரம் என்று எல்லாம் ஓடிவந்து அதது இடத்தில் நின்றுகொண்டது. யார் வீட்டுக்கோ தாமதமாக வந்து மன்னிப்புக் கேட்கிறவர்களைப் போல. மஞ்சள் எழுத்தைப் பார்த்துக்கொண்டே போனான். அவர் திரும்பினால் திரும்பினான், அவர் மெதுவானால் மெதுவானான். எவ்வளவு வசதி, எட்டாவதாக இருப்பது. முன்னால் போகிறவனுக்குத்தான் வழி தெரிந்திருக்க வேண்டும். மில் வளைவு வந்தது, டயர்ச் சுவரில் வெள்ளிக்கிழமை விழுந்த கறுப்புக் கீறல் இன்னும் இருந்தது, அதைப் பார்த்து ஏதாவது ஞாபகம் வருகிறதா என்று தேடினான், வேறு யாரோ இடித்த இடமாகத்தான் இருந்தது. வளைவு முடிந்து கட்டங்கள் தெரிந்தன. எல்லோரும் அவரவர் கட்டத்தில் போய் நின்றார்கள். தன் கட்டம் எது என்று அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை, மிச்சமிருந்தது ஒன்றுதான். காதுக்குள் ரேடியோ கரகரத்தது. "அண்ணா, டயர் எப்படி இருக்குதுங்?" என்றான் லாரன்ஸ். "நல்லா இருக்கு. காத்து எவ்வளவு வெச்சிருக்கே?" என்று கேட்டான் திருமூர்த்தி. "லாரன்ஸ்?" "இருபத்தெட்டுங்ணா," என்றது ரேடியோ. கொஞ்சம் விட்டு, தாழ்ந்த குரலில், "அண்ணா, நீங்க இத அஞ்சாவது தடவ கேக்கறீங்க."

அவனுக்கு ஒரு தடவை கேட்டது ஞாபகம் இருந்தது.

கட்டத்தில் நிற்கும்போது வண்டிக்கு ஏதாவது ஆனால் கையை ஜன்னல் வழியாக வெளியே நீட்டி ஆட்ட வேண்டும். உடனே மஞ்சள் விளக்கு எரியும், கிளம்புவதை நிறுத்துவார்கள், அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் விடுவார்கள். அத்தனை பேர் முன்னால் தள்ளிக்கொண்டு போகப்படுவதைப்போல அசிங்கம் இந்தத் தொழிலில் வேறு கிடையாது. திருமூர்த்தி ஒருநாளும் கை நீட்டியதில்லை. சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. இரண்டு. ஏழு எஞ்சின்களும் கத்தின, அவன் வண்டியும் கத்தியது, கால் தானாகவே அதை அழுத்திக்கொண்டிருந்தது. மூன்று. கையை நீட்டு என்று அவன் தனக்குச் சொன்னான். ஆதவனுக்குப் புள்ளி, அண்ணனின் இளநீர், எட்டு என்றால் முழுசு, ஒரு சுற்று, ஒரே சுற்று. நான்கு. வலது கை ஸ்டியரிங்கைவிட்டு வருவதாக இல்லை. அதை அவன் மற்றொரு கையால் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. வலையின் கொக்கியைத் தட்டிவிட்டுக் கையை முழுசாக வெளியே நீட்டி ஆட்டினான், காற்றில் யாரையோ வேண்டாம் வேண்டாம் என்று தடுப்பது போல. மஞ்சள் விளக்கு எரிந்தது. சத்தம் அடங்கியது. லாரன்ஸ் ஓடிவந்தான், பின்னாலேயே அண்ணன், சட்டையில் இளநீர் சிந்தியிருந்தது. "என்னாச்சு, வண்டி நின்னுபோச்சா?" "வண்டிக்கு ஒண்ணுமில்லீங்ணா," என்றான் திருமூர்த்தி. "எனக்குத்தான்." அண்ணன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தள்ளச் சொல்லிக் கை காட்டினார். நான்கு பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். வேலியோரம் இருந்தவர்களில் சிலர் கைதட்டினார்கள், பரிதாபப்பட்டு. அவனுக்கு அழுகை வந்தது, தலைக்கவசம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மருத்துவ அறையில் அதே மின்விசிறி. டாக்டர் செண்பகம் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே ஏழு வண்டிகள் இன்னொரு சுற்றுப் போய் நின்று, விளக்கு அணைந்து, கிளம்பிப் போகிற சத்தம் ஜன்னலை ஆட்டியது. "டாக்டரம்மா, ஜூன் மாசம் நான் வேணும்னுதான் மூணு சொன்னேன்," என்றான் அவன். "அஞ்சும் தெரியும்." டாக்டரின் பேனா நின்றது. "வெள்ளிக்கெழமை?" "வெள்ளிக்கெழமை அஞ்சும் சொல்லத்தான் பாத்தேன்." டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தான், அவர் எழுந்து அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து ஜூன் மாதப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். மூன்று. மூன்று. மூன்று. இரண்டு. மூன்று. மெல்லிய குரலில், ஏதோ சின்னப் பெண் கேட்பதுபோலக் கேட்டார், "எல்லாருமா?" "எல்லாரும்தான். நான்தான் சொல்லிக் குடுத்தேன்." "ஆதவன் ஆகஸ்ட்ல சுவத்துல மோதினான். நான் ஓட்டலாம்னு கையெழுத்துப் போட்டேன். மூணு சொன்னான்." "தெரியுங்க. நான் கண்ணடிச்சேன், அவன் சிரிச்சான்." டாக்டர் வாக்கி-டாக்கியை எடுத்துக்கொண்டு கதவுவரைக்கும் போனவர் திரும்பி வந்தார். "நீங்க வீட்டுக்கு வண்டி ஓட்டிட்டுப் போகக் கூடாது. யாராவது வந்து கூட்டிட்டுப் போகணும்." படிவத்தில் ரேணுகாவின் எண் இருந்தது. டாக்டரே தன் போனில் அழைத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, படியிறங்கி ஓடினார், பந்தயத்தை நிறுத்தச் சொல்லி வாக்கி-டாக்கியில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே. ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி அப்படி ஓடி அவன் பார்த்ததில்லை. முதல் மணி முழுசாக அடிக்கும் முன்பே ரேணுகா எடுத்துவிட்டாள். தெரியாத எண் என்றுகூடப் பார்க்கவில்லை, ஹலோ சொல்லவில்லை, காலையிலிருந்து அந்த ஒரு கேள்வியை வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் மாதிரி கேட்டாள்: "அவருக்கா? இல்ல, அவரால வேற யாருக்காவதா?" திருமூர்த்தி ஜன்னலில் பார்த்தான். முதலாவதாக ஆதவன், கடைசியாக மஞ்சள் எழுத்து, நடுவில் ஐந்து பேர், கிணற்று வளைவுக்குள் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு போனார்கள்.

"நான்தான் பேசறேன்," என்றான். "யாருக்கும் இன்னும் ஒண்ணும் ஆகல."